காணாமல் போன ஓர் ஆடு: ஒரு வசனத்திலிருந்து ஒரு கேம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் பாட்டுக் கேட்பார்கள், புகைப்படங்களை ஏற்றி வைப்பார்கள். பிள்ளைகள் கேம் விளையாடுவார்கள். அதே கம்ப்யூட்டரில், ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு கேமை நீங்களே உருவாக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மவுஸைப் பிடித்து இழுக்கத் தெரிந்தால் போதும்.

நான் அலுவலகத்தில் எழுதுவது வங்கிகளுக்கான மென்பொருள். அதில் ஆடும் இல்லை, மேய்ப்பனும் இல்லை. பாளையங்கோட்டையில் என் சித்தி ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பவர். மே மாத விடுமுறை வகுப்புக்காக, "லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தை வைத்து ஏதாவது கேம் செய்து தாய்யா, பிள்ளைகள் அதைத்தான் பார்க்கிறார்கள்" என்று கேட்டார். அந்தச் சின்ன கேமை எப்படித் திட்டமிட்டேன், எப்படிக் கட்டினேன் என்பதை இங்கே விளக்குகிறேன். பைபிள் கதைதான் வேண்டும் என்பதில்லை. ஒரு திருக்குறளை எடுத்துக்கொண்டாலும், பாட்டி சொன்ன கதையை எடுத்துக்கொண்டாலும் வழி இதுதான்.

விதிதான் கதை சொல்லும்

பைபிளை வைத்து வீடியோ கேம் செய்வது புதிய யோசனை அல்ல. 1991-இல் அமெரிக்காவின் விஸ்டம் ட்ரீ நிறுவனம் 'பைபிள் அட்வென்ச்சர்ஸ்' என்ற கேமை நின்டெண்டோ கருவிக்காக, நின்டெண்டோவின் அனுமதி பெறாமலேயே வெளியிட்டது. (90-களில் நம் வீட்டு டிவிகளில் மாட்டி விளையாடிய கேசட் கேம் பெட்டிகள் பலவும் அந்த நின்டெண்டோ கருவியின் நகல்கள்தான்.) அதில் ஒரு பகுதி, குழந்தை மோசேயைத் தூக்கிக்கொண்டு ஆபத்துகளைக் கடந்து ஓடுவது. ஆனால் கையில் இருக்கும் எதையும் வீசலாம் என்பது அந்த கேமின் விதி. ஆகவே பட்டனைத் தட்டினால் காப்பாற்ற வேண்டிய குழந்தையையே தூக்கி எறியலாம்! அந்த கேமைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வது அதைத்தான்.

அதே நிறுவனம் 1994-இல் 'சூப்பர் த்ரீடி நோவாஸ் ஆர்க்' என்று ஒன்றை வெளியிட்டது. 1992-இல் வந்த 'வுல்ஃபென்ஸ்டைன் த்ரீடி' என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் இன்ஜினை வாங்கி, துப்பாக்கிக்குப் பதில் கவணைக் கொடுத்து, எதிரிகளுக்குப் பதில் ஆடு மாடுகளை நிறுத்தினார்கள். நோவா தீவனத்தைக் கவணில் வைத்து அடிப்பார், மிருகங்கள் வயிறு நிறைந்து தூங்கிவிடும். படங்கள் மாறின. ஆனால் விளையாடுபவரின் விரல் செய்யும் வேலை மாறவில்லை. குறி பார், அடி, அடுத்த அறைக்குப் போ.

இந்த இரண்டையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேமில் கதையைச் சொல்வது படமும் எழுத்தும் அல்ல, விதிகள். எதைச் செய்தால் பாயிண்ட், எப்போது கேம் முடியும், எது முடியாது என்பதில்தான் அர்த்தம் இருக்கிறது. எனவே கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன்பே விதிகளை முடிவு செய்திட வேண்டும்.

வரைக்கும், ஆல்

லூக்கா 15-ஆம் அதிகாரம் 4-ஆம் வசனத்தின் செய்தி இதுதான். ஒருவனிடம் நூறு ஆடுகள் இருக்கின்றன. ஒன்று காணாமல் போகிறது. தொண்ணூற்றொன்பதையும் வனாந்தரத்தில் விட்டுவிட்டு, அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் தேடுகிறான். இயேசு இதைக் கதையாகத் தொடங்காமல், உங்களில் யார்தான் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்ற கேள்வியாகத் தொடங்குகிறார் என்பதைக் கவனியுங்கள். கேட்பவர் பதில் சொல்ல வேண்டும். கேமுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. கேம் என்பதே விளையாடுபவரிடம் கேட்கப்படும் கேள்விதானே.

இதே கதை மத்தேயு 18-ஆம் அதிகாரத்திலும் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு சின்ன வித்தியாசம் தெரியும். லூக்காவில் கண்டுபிடிக்கும் வரைக்கும் தேடுகிறான். மத்தேயுவில் 'கண்டுபிடித்தால்' மகிழ்ச்சி அடைகிறான். மற்றவர்களுக்கு இது மொழி நடை. புரோகிராம் எழுதுபவனுக்கு இது இரண்டு வேறு கட்டளைகள். முதலாவது 'ரிப்பீட் அன்டில்', அதாவது ஒன்று நடக்கும் வரை திரும்பத் திரும்பச் செய். இரண்டாவது 'இஃப்', அதாவது நடந்தால் செய், நடக்காவிட்டால் விடு. மத்தேயுவின்படி கேம் செய்தால் ஆடு கிடைக்காமலும் போகலாம், கடிகாரம் ஓடலாம், 'கேம் ஓவர்' வரலாம். லூக்காவின்படி செய்தால் தோல்வி என்பதே கிடையாது, தேடல் மட்டும்தான். நான் லூக்காவை எடுத்துக்கொண்டேன். சித்தி கேட்டதும் அதுதான்.

நூறு புளியங்கொட்டைகள்

பெரிய கேம் நிறுவனங்களிலும் விதிகளை முதலில் காகிதத்தில் சோதித்துப் பார்ப்பார்கள். நான் நூறு புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டேன். தொண்ணூற்றொன்பது ஒரு தட்டில், ஒன்று வீட்டில் எங்கோ. பக்கத்து வீட்டில் ஏழாம் வகுப்பு படிக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, ஒரு கொட்டைக்கு ஒரு பாயிண்ட் என்றேன். தட்டை எண்ணிப் பார்த்தாள். "99 வந்துடுச்சே அண்ணா, போதும்ல?" என்று எழுந்துவிட்டாள்.

அவள் சொன்னது நியாயம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கினால் நம் வீடுகளில் கேக் வெட்டுவோம். மிச்சம் ஒரு மதிப்பெண்ணுக்காக யாராவது இருட்டில் போவார்களா? ஆக, ஆட்டுக்கு ஒரு பாயிண்ட் என்ற விதி வசனத்துக்கு நேர் எதிரானதைச் சொல்லிக் கொடுக்கும். சரி, காணாமல் போன ஆட்டுக்கு மட்டும் ஆயிரம் பாயிண்ட் என்றால்? ஓடிப் போய்த் தேடினாள். ஆனால் இப்போது அது ஆடு அல்ல, புதையல். லாபக் கணக்கு பார்த்துத்தான் போகிறாள். கதையில் வரும் மேய்ப்பன் கணக்குப் பார்த்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்பான். ஆகவே பாயிண்ட்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஓநாய் வேண்டாமா என்று பலரும் கேட்டார்கள். ஓநாய் இருந்தால் கேம் விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் தேடப் போன நேரத்தில் ஓநாய் வந்து பத்து ஆடுகளைத் தின்றுவிட்டால், தேடப் போனதற்காக விளையாடுபவரைத் தண்டித்தது போலாகும். தொண்ணூற்றொன்பதுக்கு என்ன ஆயிற்று என்று வசனம் சொல்லவில்லை. எனவே கேமும் அவற்றில் ஒன்றையும் கொல்லாது. மேய்ப்பன் தூரமாகப் போனால் அவை கொஞ்சம் கலைந்து நகரும், அவ்வளவுதான். அது கண்ணில் படும்போது மனம் கொஞ்சம் பதறும். அந்தப் பதற்றம் போதும்.

இன்னொன்று. படங்களிலும் பாடல்களிலும் அந்தத் தொண்ணூற்றொன்பதும் பத்திரமாகத் தொழுவத்துக்குள் இருப்பது போலக் காட்டுவார்கள். லூக்காவில் தொழுவம் இல்லை, வெட்டவெளிதான். நம் ஊர்க் கீதாரிகள் அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு ஆட்டோடு ஆடாகப் படுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே புரியும்.

ஸ்கிராட்ச் என்னும் இலவச புரோகிராம்

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு 2007-இல் வெளியிட்டது ஸ்கிராட்ச். குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டது என்றாலும் பெரியவர்களும் தயங்காமல் பயன்படுத்தலாம். 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் பதிப்பை வைத்து இங்கே விளக்குகிறேன். பிரவுசரில் ஸ்கிராட்ச் டாட் எம்ஐடி டாட் எடு என்ற முகவரிக்குப் போய் 'கிரியேட்' என்பதில் கிளிக் செய்தால் போதும். இன்டர்நெட் அடிக்கடி போய்விடும் வீடாக இருந்தால், அதே தளத்தில் விண்டோஸுக்கான புரோகிராமை ஒருமுறை டவுண்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்குத் திறக்காமலேயே வேலை செய்யலாம். ஆனால் அப்படிச் செய்யும்போது அது தானாகச் சேமிக்காது. ஃபைல் மெனுவில் 'சேவ் டு யுவர் கம்ப்யூட்டர்' என்பதை அவ்வப்போது கிளிக் செய்திடவும். மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

திரையின் இடப்பக்கம் வண்ண வண்ணக் கட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. ஒன்றன் கீழ் ஒன்றாக இழுத்து ஒட்டினால் அதுதான் புரோகிராம். வலப்பக்கம் உள்ள சிறு மேடையில் கேம் ஓடும். மேடையின் நடுப்புள்ளி பூஜ்யம். அங்கிருந்து இடம் வலமாக 240, மேலும் கீழுமாக 180 புள்ளிகள். மேடையில் நடமாடும் படத்துக்கு 'ஸ்பிரைட்' என்று பெயர். நமக்கு ஐந்து ஸ்பிரைட்கள் தேவை: மேய்ப்பன், மந்தை, காணாமல் போன ஆடு, ஒரு வளையம், இருட்டு. அங்கேயே 'பெயின்ட்' வசதியில் நீங்களே வரையலாம். நான் வரைந்த ஆடு நான்கு வெள்ளை வட்டங்களும் ஒரு கறுப்பு வட்டமும்தான். யாரும் குறை சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் தனித்தனியாக வரைய வேண்டாம். ஒரு சின்ன ஆடு போதும், மற்றவை 'குளோன்' எனப்படும் நகல்கள். ஸ்கிராட்ச் ஒரே நேரத்தில் 300 நகல்கள் வரை அனுமதிக்கும். பச்சைக் கொடியைக் கிளிக் செய்ததும், மேடையின் இடது ஓரத்தில் ஏதாவது ஓர் இடத்துக்குப் போ, ஒரு நகல் எடு, 'எண்ணிக்கை' என்ற வேரியபிளில் ஒன்று கூட்டு, கொஞ்சம் பொறு என்ற நான்கு கட்டளைகளையும் 'ரிப்பீட் 99' என்பதற்குள் வையுங்கள். வேரியபிள் என்பது ஓர் எண்ணைப் போட்டு வைக்கும் டப்பா. அதற்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மேடையின் மூலையில் எண் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போய் 99-இல் நிற்கும். எந்த அறிவிப்பும் வேண்டாம். அது நிற்பதே அறிவிப்பு.

மேய்ப்பனை அம்புக்குறி கீகளால் நடத்துகிறோம். எத்தனை புள்ளி நகர வேண்டும் என்பதை நேரடியாக எழுதாமல் 'வேகம்' என்ற வேரியபிளில் 2 என்று வைத்திடவும். ஸ்கிராட்ச் வினாடிக்குச் சுமார் 30 முறை கட்டளைகளைச் சுற்றி வருவதால், மேய்ப்பன் வினாடிக்கு 60 புள்ளிகள் நடப்பான். வேரியபிளில் வைக்கச் சொன்னதன் காரணம் பின்னால் தெரியும்.

காதால் தேடுதல்

இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். காணாமல் போன ஆட்டை 'ஹைட்' கட்டளையால் மறைத்து, மேடையின் வலது பாதியில் எங்காவது நிறுத்துகிறோம். பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். 'சவுண்ட்ஸ்' பகுதியில் மைக் படத்தைக் கிளிக் செய்து நீங்களே 'மே' என்று கத்திப் பதிவு செய்யுங்கள். (கதவைச் சாத்திக்கொள்வது நல்லது.) அந்தச் சத்தம் இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஒலிக்கட்டும்.

மேய்ப்பன் நெருங்க நெருங்கச் சத்தம் கூட வேண்டும். 'டிஸ்டன்ஸ் டு' என்ற கட்டை இரண்டு ஸ்பிரைட்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சொல்லும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை 600 புள்ளிகள். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான், 480-க்கும் 360-க்கும் போட்டுப் பாருங்கள். எனவே தூரத்தை 6-ஆல் வகுத்து 100-இலிருந்து கழித்தால் 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். அதை 'சத்தம்' என்ற வேரியபிளில் போட்டு, 'செட் வால்யூம்' கட்டளைக்குக் கொடுங்கள். அடுத்து, ஆட்டின் இடவல எண்ணிலிருந்து மேய்ப்பனின் இடவல எண்ணைக் கழித்து 5-ஆல் வகுத்து 'பக்கம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 'பேன்' எஃபெக்டுக்குக் கொடுத்தால், ஆடு வலப்பக்கம் இருக்கும்போது வலது ஸ்பீக்கரிலும் இடப்பக்கம் இருக்கும்போது இடது ஸ்பீக்கரிலும் சத்தம் ஓங்கிக் கேட்கும். ஹெட்போன் இருந்தால் இன்னும் தெளிவு. மேலா கீழா என்பதைக் காது சொல்லாது. நடந்து பார்த்து, சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று கவனிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் 'ரிப்பீட் அன்டில்' கட்டைக்குள் வையுங்கள். நிபந்தனை, மேய்ப்பனுக்கும் ஆட்டுக்கும் உள்ள தூரம் 20-க்குக் குறைவு. இதுதான் லூக்காவின் 'வரைக்கும்'. அந்தக் கட்டையைத் தாண்டி வந்தால் ஆடு கிடைத்துவிட்டது என்று பொருள். ஆட்டைக் காட்டி, மேய்ப்பனின் தோளுக்கு மேலே ஒட்டிக்கொள்ளச் செய்து, 'வேகம்' டப்பாவில் 1 என்று மாற்றுங்கள். அடுத்த வசனத்தில் மேய்ப்பன் ஆட்டைத் தோளில் சுமந்து வருகிறான். பாரம் சுமப்பவன் பாதி வேகத்தில்தானே நடப்பான். வேரியபிள் வைத்திருந்ததால் ஒரே மாற்றத்தில் வேலை முடிந்தது.

ஒலியை மட்டும் நம்பிய கேமில் ஒரு கேள்வி இருக்கிறது. சித்தியின் வகுப்பில் ஒரு பையன் காது மிஷின் வைத்திருக்கிறான். ஒரு பக்கம் அனேகமாகக் கேட்காது. இதை சித்தி முதல் நாளே சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகள் தேடும்போது அவன் மட்டும் உட்கார்ந்து பார்ப்பது என்றால், அதுவும் இந்தக் கதையை வைத்து, எனக்கு ஒப்பவில்லை. அதற்குத்தான் வளையம். மேய்ப்பனின் காலடியில் ஒரு மஞ்சள் வளையம். அதன் அளவு 'சத்தம்', அது மேய்ப்பனிலிருந்து இடமோ வலமோ விலகும் தூரம் 'பக்கம்' எண்ணில் பாதி. அதாவது காதுக்குப் போகும் அதே இரண்டு எண்களும் கண்ணுக்கும் போகின்றன. ஆடு தொலைவில் இருந்தால் சிறிய வளையம், நெருங்கினால் பெரிய வளையம். மூன்றே கட்டைகள்தான். ஸ்பீக்கர் இல்லாத கம்ப்யூட்டரிலும் கேமை விளையாடலாம் என்பது உபரி லாபம்.

இருட்டும் ஸ்பேஸ்பாரும்

இருட்டுக்கு, மேடை முழுவதையும் மூடும் ஒரு கறுப்புக் கட்டத்தை வரையுங்கள். 'கோஸ்ட்' எஃபெக்ட் 100 என்றால் அது கண்ணுக்கே தெரியாது, 0 என்றால் முழுக் கறுப்பு. 100-இல் தொடங்கி வினாடிக்கு ஒன்றாக 90 முறை குறைத்தால், ஒன்றரை நிமிடத்தில் அந்தி சாய்ந்து மந்தை மங்கலாகிவிடும். மேய்ப்பனையும் வளையத்தையும், கிடைத்த பிறகு ஆட்டையும் 'கோ டு ஃப்ரன்ட் லேயர்' மூலம் முன்னால் கொண்டுவர மறக்காதீர்கள். முழு இருட்டானாலும் கேம் முடியாது.

கடைசி விதி ஸ்பேஸ்பார். அதைத் தட்டினால் மேய்ப்பன் படுத்துத் தூங்கிவிடுவான், மறுபடி தட்டினால் எழுந்திருப்பான். எண்ணிக்கை 99-இல் நிற்கும்போதும் தட்டலாம். தடுக்க மாட்டோம், திட்ட மாட்டோம், சிவப்பு எழுத்தில் எதுவும் வராது. ஆனால் ஆட்டின் சத்தம் நிற்காது, வளையமும் அசைந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான். இந்த விதி இல்லாவிட்டால் விளையாடுபவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, சொன்ன வேலையைத்தான் செய்கிறார். தேடாமல் இருக்கவும் வழி இருக்க வேண்டும்.

மேய்ப்பன் ஆட்டுடன் மேடையின் இடது ஓரத்துக்கு வந்ததும் எண்ணிக்கையை 100 ஆக்கி, கலைந்த ஆடுகளை 'கிளைட்' கட்டளையால் ஒன்றுசேர்த்து, அக்கம்பக்கத்தார் நான்கு பேரை வரவழைத்தேன். வசனத்தில் அவர்களும் கூப்பிடப்படுகிறார்கள்.

வகுப்பில் லேப்டாப்பை புரொஜெக்டரில் இணைத்து ஒவ்வொருவராக விளையாடினார்கள். ஒருவன் 99 வந்ததும் நேரே ஸ்பேஸ்பாரைத் தட்டி, மேய்ப்பனைப் படுக்க வைத்துவிட்டு, "முடிஞ்சது" என்று கையைத் தூக்கினான். 'மே' என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி கேட்டது. நாலைந்து முறைக்குப் பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனே ஸ்பேஸ்பாரைத் தட்டி எழுப்பி, இருட்டில் நடத்திக்கொண்டு போனான். காது மிஷின் பையன் தன் முறையில் வளையத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தான். ஸ்பீக்கரை நம்பியவர்களில் பலரை முந்திக்கொண்டு ஆட்டைக் கண்டுபிடித்தான்.

இதைச் செய்து முடித்தவர்கள் அடுத்ததாக அதே அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளலாம். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண், விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். இருட்டு உங்களிடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மவுஸைத் துடைப்பமாக்குங்கள். காசு சத்தம் போடாது என்பதால், அங்கே விளையாடுபவருக்கு என்ன துப்புக் கொடுப்பது என்பதை மட்டும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும்.